வரதராசன், மு. (1912–1974)

மு. வரதராசன் தமிழ்ப் பேராசிரியர், நாவலாசிரியர், திருக்குறள் உரையாசிரியர், மொழிநூல் ஆசிரியர், இலக்கிய வரலாற்றாசிரியர். மு.வ. என்ற சுருக்கமே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. பச்சையப்பன் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து, மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றியபோது மறைந்தார். 13 நாவல்கள், சிறுகதைகள், நாடகங்கள், கடித நூல்கள், சங்க இலக்கிய விளக்கங்கள், மொழியியல் நூல்கள், வாழ்க்கை வரலாறுகள், குழந்தைப் பாடல்கள், ஒரு பயண நூல் என அவர் தொடாத உரைநடை வகை குறைவு. இத்தனை வகைகளிலும் அவர் கண்முன் வைத்திருந்த வாசகர் ஒருவரே: வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போன இளைஞர். அவரது எழுத்தின் வலிமையும் எல்லையும் இந்த வாசகரை வைத்தே விளங்கும்.

இளமை

1912 ஏப்ரல் 25 அன்று அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் முனுசாமி, அம்மாக்கண்ணு இணையருக்குப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனாரின் பெயரான வரதராசன் என்பதே வழக்கில் நிலைத்தது. இளமைக் காலம் பெரும்பாலும் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள வேலம் என்ற சிற்றூரோடு பிணைந்தது. பின்னாளில் அவர் நாவல்களில் வரும் ஏரிக்கரைகளும் மாந்தோப்புகளும் வாலாசாப்பேட்டைத் தெருக்களும் இந்த வட்டாரத்துக்கு உரியவை.

பள்ளியிறுதி வகுப்பு முடிந்ததும் அவருக்கு வாய்த்தது கல்லூரி அன்று, திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. உடல்நலம் கெட்டதால் அதை விட்டார். ஓய்வில் இருந்த நாட்களில் முருகைய முதலியார் என்ற தமிழாசிரியரிடம் பாடம் கேட்டார். தனியாகவே படித்து 1935-ல் வித்துவான் தேர்வு எழுதி, சென்னை மாகாணத்தில் முதலிடம் பெற்றார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் வழங்கிவந்த 1000 ரூபாய்ப் பரிசும் கிடைத்தது. அந்நாளில் அது சிறு தொகை அல்ல. அதே ஆண்டில் மாமன் மகள் இராதாவை மணந்தார். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார்.

வகுப்பறையில் உட்காராமல் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டவர் இவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பி.ஓ.எல். தேர்வுக்குப் பின் 1939-ல் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர். 1944-ல் தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எம்.ஓ.எல்.; 1948-ல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக முனைவர் பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர். ஆசிரியர் இல்லாமல் படிப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர் எழுதிய நூல்கள் என்பதால்தான் அவருடைய விளக்கங்களில் படிகள் விடுபடுவதில்லை. புலமையைக் காட்டும் ஆசையால் வாசகரை வாசலிலேயே நிறுத்திவிடும் பழக்கம் அந்தத் தலைமுறைப் புலவர்கள் பலரிடம் உண்டு, மு.வ.விடம் அது மிகக் குறைவு.

பச்சையப்பன் கல்லூரியும் செனாய் நகரும்

1945 முதல் 1961 வரை பச்சையப்பன் கல்லூரித் தமிழ்த்துறைக்குத் தலைவராக இருந்தார். அவருடைய எழுத்தின் பெரும்பகுதி இந்த 16 ஆண்டுகளில் வந்தது. திராவிட இயக்கம் கல்லூரி மாணவர்களிடையே வேகமாகப் பரவிய காலம் அது. பச்சையப்பன் கல்லூரி அதன் களங்களில் ஒன்று. மு.வ. கட்சி எதிலும் சேரவில்லை. திரு.வி.க.வின் நடையும் அறநோக்கும் அவரை ஆழமாகப் பாதித்தன; காந்தியிடமும் தாகூரிடமும் ஈடுபாடு கொண்டார்; பெர்னார்ட் ஷாவின் சமூக விசாரணையை விரும்பினார். இந்த நால்வரைப் பற்றியும் தனித்தனியே வாழ்க்கை வரலாற்று நூல்கள் எழுதியிருக்கிறார். 'தமிழ்நாட்டின் பெர்னார்ட் ஷா' என்று அவரை அழைத்தார்கள். ஷாவின் கேலியும் குறும்பும் மு.வ.விடம் இல்லை, மேடையேற்றி விவாதிக்கும் ஆசை மட்டும் இருவருக்கும் பொது. ஆகவே அந்தப் பட்டப்பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அவருடைய நாவல்கள் பரவிய வழியும் தனியானது. கல்கி காலத்து நாவலாசிரியர்கள் பெரும்பாலும் வார இதழ்த் தொடர்கதைகளால் வளர்ந்தார்கள். மு.வ. அந்த வழிக்கே போகவில்லை எனலாம். அவரது நூல்கள் செனாய் நகரிலிருந்து தாயக வெளியீடுகளாக வரும். விற்பனை உரிமை பிராட்வேயிலிருந்த பாரி நிலையத்துக்கு. வாரந்தோறும் திடீர்த் திருப்பம் வைத்து நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லாததால் கதைமாந்தர் பக்கம் பக்கமாகப் பேசவும், ஆசிரியர் இடையில் புகுந்து சிந்திக்கவும் இடம் கிடைத்தது. 1948-ல் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் வந்தபின் ஊர்தோறும் கிளை நூலகங்கள் பெருகின. அவற்றின் அலமாரிகளில் மு.வ. நூல்கள் இருந்தே தீரும் என்ற நிலை உண்டானது. திருமணங்களில் பரிசாகவும் அவை கைமாறின.

நாவல்கள்

முதல் நாவல் செந்தாமரை 1946-ல் வெளிவந்தது. அதன்பின் கள்ளோ காவியமோ, பாவை, அந்த நாள், மலர்விழி, பெற்ற மனம், அல்லி, கரித்துண்டு, கயமை, நெஞ்சில் ஒரு முள், அகல் விளக்கு, மண்குடிசை, வாடா மலர் என்று தொடர்ந்து வந்தன. ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்குள் எல்லாம் எழுதி முடிந்துவிட்டன. பெற்ற மனம் 1960-ல் சிவாஜி கணேசன் நடிக்கத் திரைப்படமானது.

வடிவத்தைப் பொறுத்தவரை கள்ளோ காவியமோ கவனத்துக்கு உரியது. மங்கை, அருளப்பன் என்னும் இருவர் தங்கள் வாழ்வை மாறிமாறித் தன்மையில் சொல்லிச் செல்வதாக அமைந்த கதை. ஒரே நிகழ்ச்சியை இருவரும் இரு விதமாகக் காண்பதற்கான வாசல் இந்த அமைப்பிலேயே திறந்திருக்கிறது. ஆனால் மங்கை பேசினாலும் அருளப்பன் பேசினாலும் நமக்குக் கேட்பது ஒரே பேராசிரியரின் தெளிவான, நிறுத்தி நிதானித்த குரல்தான். அவருடைய நாவல்கள் அனைத்துக்கும் இந்தக் குறை பொது. வட்டார வழக்கு இல்லை; சென்னைத் தெருவில் வாழ்பவரும் பிழையற்ற தமிழில் பேசுவார். இதைத் தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. எழுத்துத் தமிழிலேயே காதலையும் சண்டையையும் கணக்கு வழக்கையும் பேசிவிட முடியும் என்று காட்டுவது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதற்காக உரையாடலின் உயிரோட்டத்தை விலையாகக் கொடுத்தார்.

கரித்துண்டு (1953) இந்தக் குறையைத் தாண்டி நிற்கிறது. நடக்க முடியாமற்போன மோகன் என்ற ஓவியன் சென்னை நடைபாதையில் கரித்துண்டால் படம் வரைந்து, வழிப்போக்கர் போடும் காசில் வாழ்கிறான். அவனை விட்டுப் பிரிந்து போன மனைவி நிர்மலா, அவள் சேர்ந்து வாழும் பேராசிரியர் கமலக்கண்ணன், தெருவில் மோகனுக்குத் துணையாகிவிட்ட பொன்னி ஆகிய மூவரும் கதையை நகர்த்துகிறார்கள். கற்பையும் இல்லறத்தையும் பற்றி ஊர் வைத்திருக்கும் அளவுகோலைப் பொன்னியின் வாழ்வு கோணலாக்கிவிடுகிறது. படித்த பேராசிரியரைவிட ஊரால் பழிக்கப்பட்ட பெண் உயர்ந்து நிற்பதை ஒரு பேராசிரியரே எழுதியிருக்கிறார். 1950களின் நடுத்தர வர்க்க வாசகருக்கு இது எளிதில் செரிக்கக்கூடிய செய்தி அல்ல. அறிவுரை இங்கும் உண்டு. ஆனாலும் பாத்திரங்கள் அதன் கனத்தைத் தாங்குகிறார்கள்.

சாகித்திய அகாதெமி விருது அகல் விளக்கு நாவலுக்கு 1961-ல் கிடைத்தது. வாலாசாப்பேட்டையில் வளரும் வேலய்யன் கதை சொல்கிறான். பக்கத்து ஊரான பெருங்காஞ்சியிலிருந்து படிக்க வரும் சந்திரன் அழகன், வகுப்பில் முதல்வன், எல்லாரையும் ஈர்ப்பவன். வேலய்யனோ சுமாரான மாணவன். சென்னைக் கல்லூரிக்குப் போன சந்திரன், இமாவதி என்ற பெண் காட்டிய நட்பைக் காதலாக எண்ணி ஏமாறுகிறான். படிப்பு போகிறது, ஊர் போகிறது, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் தலைமறைவாகிறான், கடைசியில் தொழுநோயோடு அழிகிறான். வேலய்யன் சின்ன சுடராகத் தொடர்ந்து எரிகிறான். தலைப்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவதால், சந்திரனின் வீழ்ச்சி தொடக்கத்திலிருந்தே நிச்சயமானது என்ற உணர்வு வாசகருக்கு வரும். ஆனால் முதல் பகுதியில் இரு சிறுவர்களின் நட்பும், அடுத்த வீட்டுப் பாக்கிய அம்மையார் காட்டும் தாயன்பும் எழுதப்பட்டிருக்கும் விதம் எந்தப் போதனையும் இல்லாமல் மனத்தில் தங்குகிறது. மு.வ. தம் ஊரை நினைத்து எழுதும்போது நல்ல நாவலாசிரியர். சென்னைக்கு வந்ததும் ஆசிரியராகிவிடுகிறார்.

சிறுகதைகள் (விடுதலையா?, குறட்டை ஒலி முதலிய தொகுதிகள்), நாடகங்கள் (பச்சையப்பர், மனச்சான்று முதலியன) ஆகியவை நாவல்களின் கிளைகளே. கி.பி. 2000 என்ற சிந்தனைக் கதையில் அரை நூற்றாண்டு தாண்டிய எதிர்காலத்துக்குத் தாவிப் பார்த்திருக்கிறார்.

கடிதங்கள்

அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்னும் நான்கு கடித நூல்களும் நாவல்களுக்கும் கட்டுரைகளுக்கும் நடுவே நிற்பவை. மறைமலையடிகளின் கோகிலாம்பாள் கடிதங்கள் கடித வடிவில் அமைந்த நாவல், மு.வ.வின் கடிதங்களில் கதை என்று பெரிதாக இல்லை. வளவன் என்ற அண்ணன் தம்பி எழிலுக்கு எழுதுகிறான், அவ்வளவே. வாழ்க்கையில் நல்லவனாக இருப்பது மட்டும் போதுமா, வல்லமையும் வேண்டாமா; தமிழர் உணர்ச்சியால் ஒன்றுபட்டு ஏன் செயலில் சிதறுகிறார்கள்; வீட்டுக்குள் பெண்ணின் இடம் என்ன என்பவை பேசுபொருள்கள். அண்ணா திராவிட நாடு இதழில் தம்பிக்குக் கடிதம் எழுதத் தொடங்கியது 1955-ல், மு.வ.வின் நூல் அதற்கு முந்தியது. ஒரே விளி, இரண்டு நடை: அண்ணாவின் கடிதம் மேடைபோல் அலையடிக்கும், மு.வ.வின் கடிதம் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பேசும்.

பாத்திரங்களுக்கு அவர் சூட்டிய எழில், வளவன், மலர்விழி, பாவை போன்ற பெயர்களைத் தங்கள் குழந்தைகளுக்கு வைத்த வாசகர் பலர். தம் மக்களுக்கு அவர் வைத்தவை திருநாவுக்கரசு, நம்பி, பாரி.

திருக்குறள் தெளிவுரை

அவர் எழுதியவற்றுள் மிகப் பெரும் அளவில் பரவியது சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1949-ல் வெளியிட்ட திருக்குறள் தெளிவுரை. சட்டைப்பையில் அடங்கும் பதிப்பு. நூற்றுக்கு மேற்பட்ட முறை அச்சானது. இன்று இணையத்திலோ கைப்பேசியிலோ ஒரு குறளைத் தேடினால், கலைஞர் உரை, சாலமன் பாப்பையா உரை ஆகியவற்றோடு மு.வ. உரையும் கண்ணில் படாமல் போகாது.

அதன் வெற்றிக்குக் காரணம் அது செய்ய மறுத்த வேலைகளில் இருக்கிறது. பரிமேலழகர் உரையில் இலக்கணக் குறிப்பு, வடநூல் ஒப்பீடு, பாடபேத விவாதம் எல்லாம் உண்டு; குறளை விட உரை கடினம் என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அதே காலத்தில் உரை எழுதிய புலவர் குழந்தை பரிமேலழகரோடு நேருக்கு நேர் மோதினார். மு.வ. மோதவும் இல்லை, பின்தொடரவும் இல்லை. குறளின் சொற்களைக் கொண்டுகூட்டி, தேவையான இணைப்புச் சொல்லை மட்டும் சேர்த்து, ஒன்றிரண்டு வாக்கியங்களில் பொருளைச் சொல்லி நிறுத்திவிட்டார். நம்பிக்கை வேறுபாடு உள்ள எல்லாரும் அந்த உரையை ஏற்க முடிந்தது இதனால்தான். ஐயத்துக்கு இடமான குறள்களில் அவர் ஒரு பொருளைத் தேர்ந்து மற்றவற்றைக் காட்டாமல் விடுகிறார் என்பது ஆய்வாளருக்குக் குறை. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பள்ளி மாணவிக்கு அது குறையாகத் தெரியாது. குறளைத் தாம் எப்படி விரிவாகப் புரிந்துகொண்டார் என்பதை திருவள்ளுவர் அல்லது வாழ்க்கை விளக்கம் என்ற தனிநூலில் எழுதியிருக்கிறார். தெளிவுரையின் ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அதில் தெரியும்.

சங்க இலக்கியமும் மொழிநூலும்

முனைவர் பட்ட ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதை நூலாக்கியது. சங்கப் புலவர்கள் இயற்கையை அதன் பொருட்டே பாடாமல் மனித உணர்ச்சிக்குப் பின்புலமாக நிறுத்தினார்கள் என்பது அதன் மையக் கருத்து. ஆங்கிலக் கவிதையோடு ஒப்பிட்டு அந்த வேறுபாட்டை விளக்குகிறார். முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் வகுத்ததையே அவர் புதிய திறனாய்வுச் சொற்களில் எடுத்துரைத்தார் என்றும் சொல்லலாம்.

பொது வாசகருக்காக நெடுந்தொகை விருந்து, குறுந்தொகை விருந்து, நற்றிணை விருந்து என்று விளக்க நூல்கள் எழுதினார். இவ்வகையில் தனித்து நிற்பது ஓவச் செய்தி. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் ஒரே ஓர் அகநானூற்றுப் பாட்டை (5) எடுத்துக்கொண்டு ஒரு நூல் முழுக்கப் பேசுகிறது. பொருள் தேடப் பிரிய நினைக்கும் தலைவன், வாய் திறந்து மறுக்காமல் முகக்குறிப்பால் அவனைத் தடுத்துவிடும் தலைவி. இதை ஒரு நாடகக் காட்சியாக அவிழ்த்துக் காட்டுகிறார். நாவலாசிரியரும் ஆராய்ச்சியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய நூல் எதுவென்று கேட்டால் இதைத்தான் சுட்ட வேண்டும். நாவல்களில் பாத்திரங்களைப் பேசவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அதே மனிதர், இங்கே பேசாத பெண்ணின் பார்வையைப் பொறுமையாகப் படிக்கிறார்.

மொழிநூல், மொழி வரலாறு, மொழியின் கதை, எழுத்தின் கதை, சொல்லின் கதை, மொழியியற் கட்டுரைகள் ஆகியவை மொழி பற்றியவை. பல்கலைக்கழகங்களில் மொழியியல் தனித்துறையாக ஊன்றிக்கொள்ளாத நாட்களில், ஒலி பிறப்பதிலிருந்து மொழிக்குடும்பங்கள் வரை தமிழிலேயே படிக்க மாணவருக்குக் கிடைத்த பாடநூல்களில் இவை முக்கியமானவை. புதுக் கோட்பாடு எதையும் மு.வ. நிறுவவில்லை, மேலைநாட்டு மொழியியலைத் தமிழ் எடுத்துக்காட்டுகளோடு கற்பிக்கும் பாங்கை உண்டாக்கினார்.

தமிழ் இலக்கிய வரலாறு

சாகித்திய அகாதெமிக்காக எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1972-ல் வந்தது. காலக்கணக்குச் சண்டைகளில் அதிகம் இறங்காமல் நூல்களின் சுவையையும் பொருளையும் சொல்லிக்கொண்டு போகும் வரலாறு இது. சமணம், பௌத்தம், சைவம், வைணவம், இசுலாம், கிறித்தவம் எதன் இலக்கியமானாலும் ஒரே கனிவோடு அணுகுகிறது. பழைய இலக்கியப் பகுதிகளில் நின்று நிதானமாகப் பேசுபவர், இருபதாம் நூற்றாண்டுக்கு வந்ததும் பெயர்ப்பட்டியலின் வேகத்தில் ஓடுகிறார். சமகாலத்தவர் எவர் மனமும் நோகக்கூடாது என்ற கவனமும் அதில் தெரிகிறது. போட்டித் தேர்வு எழுதுவோர் கையில் இன்றும் இருக்கும் நூல் இது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அகாதெமியே 1988-ல் வெளியிட்டது, மொழிபெயர்த்தவர் ஈ. சா. விசுவநாதன்.

மதிப்பீடு

சிறுபத்திரிகை மரபில் வந்த விமர்சகர்கள் மு.வ.வின் நாவல்களைப் பெரும்பாலும் இலக்கியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அறவுரைக்குக் கதைப்போர்வை என்பது அவர்கள் வாதம். பாத்திரங்கள் கருத்தின் பிரதிநிதிகளாக வருவது, நல்லவர் கெட்டவர் கோடு அழுத்தமாக விழுவது, தவறியவருக்குத் தவறாமல் தண்டனை கிடைப்பது ஆகிய மூன்றும் மறுக்க முடியாத குற்றச்சாட்டுகள். புதுமைப்பித்தனும் மௌனியும் அவருக்கு முன்பே எழுதிவிட்ட மொழியில், மனத்தின் இருட்டை மு.வ. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார் என்பதும் உண்மை.

ஆனால் அந்த விமர்சகர்களின் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கமே பலருக்கு மு.வ. வழியாகத்தான் வந்தது. காதல் திருமணம், விதவை நிலை, வரதட்சணை, சோதிட மயக்கம், ஏழை பணக்காரர் வேறுபாடு பற்றிய விவாதங்களைக் கிளர்ச்சி மொழி இல்லாமல் குடும்பங்களுக்குள் கொண்டுபோனார். மகள் படிக்கலாம் என்று தந்தை கொண்டுவந்து கொடுத்த நாவல்கள் அவை. அந்த நம்பிக்கையைப் பெற அவர் எவ்வளவு துணிச்சலைக் கட்டிப்போட்டார் என்பதைக் கரித்துண்டையும் மற்ற நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர் உணரலாம்.

மதுரை ஆண்டுகள்

1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைமையை ஏற்றபின் நாவல் எழுதுவது ஏறக்குறைய நின்றது. 1971-ல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாருக்கு அடுத்து மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். தமிழ்ப் பேராசிரியர் ஒருவருக்குப் பின் இன்னொரு தமிழ்ப் பேராசிரியர் அந்த நாற்காலியில் அமர்ந்தது குறிப்பிடத்தக்கது. அஞ்சல் வழிக் கல்வி அங்கு தொடங்கிய காலமும் இதுவே. தாலுகா அலுவலக வேலையை விட்டுத் தனியாகப் படித்துத் தேறியவருக்குப் பொருத்தமான பணி. 1972-ல் அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரி அவருக்கு டி.லிட். பட்டம் வழங்கியது.

உடல்நலத்தில் அவர் இயற்கை மருத்துவத்தை உறுதியாக நம்பியவர். உணவிலும் அன்றாடப் பழக்கத்திலும் அதைக் கடைப்பிடித்தார், மாணவர்களுக்கும் எடுத்துச் சொன்னார். துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே 1974 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். அப்போது வயது 62.